சென்னை – டொராண்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யாருக்காவது கனடா விசா கிடைத்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இருக்கிறேன், அம்மா தாம்பரத்தில் இருக்கிறார், நடுவில் போய் வந்த கணக்கு எனக்கே மறந்துவிட்டது. கேட்பதெல்லாம் ஒரே கேள்விகள்தான், பதிலும் ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன். யார் கேட்டாலும் இனி இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையம் வரை, உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோட்டில் அளந்தால் சுமார் 13,390 கி.மீ. மைல் கணக்கில் ஏறக்குறைய 8,320. கடல் மைலில் 7,230.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. பூமியின் முழுச் சுற்றளவு 40,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதே தூரத்தில் மூன்று தடவை நேராகப் போனால் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து நின்றுவிடலாம்.

நேரடி விமானம் உண்டா?

இல்லை. எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும்.

ஏன் இல்லை? இவ்வளவு தமிழர்கள் அங்கே இருக்கிறார்களே?

விமானத்தால் முடியாமல் இல்லை. போயிங் 787-9 சுமார் 14,000 கி.மீ. வரை போகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஏர்பஸ் ஏ350 அதற்கும் மேலே போகும். ஆனால் அது காகிதக் கணக்கு. முழுக்கப் பயணிகள், அவர்கள் ஒவ்வொருவரும் தூக்கி வரும் இரண்டு பெட்டி, எதிர்க்காற்று, சுற்றிப்போக வேண்டிய நாடுகள் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையில் போய் இடிக்கும். அப்புறம் பணம். இந்த வழியில் போகிறவர்களில் பெரும்பாலோர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மா, படிக்கப் போகும் பிள்ளைகள், கல்யாணத்துக்கு ஊர் வரும் குடும்பங்கள். எல்லோரும் விலை பார்த்து வாங்குகிறவர்கள் (நானும்தான்). இவ்வளவு நீண்ட பயணத்தில் லாபம் வருவது முன்னால் இருக்கும் பிசினஸ் வகுப்பு இருக்கைகளால்; அதை வருஷம் முழுவதும் நிரப்ப ஆள் வேண்டும். துபாய், தோஹா, லண்டன் வழியாகப் போகிற நிறுவனங்கள் நான்கைந்து ஊர் ஆட்களை ஒரே விமானத்தில் திரட்டி நிரப்பிவிடுகின்றன, அவர்களோடு விலையில் மோதுவது லேசல்ல. ஜனத்தொகையைக் காட்டி நாம் ஆதங்கப்படலாம், விமான நிறுவனம் பார்ப்பது டிக்கெட் விலையை.

சரி, ஏறினதிலிருந்து இறங்கும் வரை மொத்தம் எத்தனை மணி நேரம்?

வானத்தில் 19 மணி நேரம். மாறுகிற இடத்தில் காத்திருப்பது தனி. நல்ல டிக்கெட் என்றால் மொத்தம் 21 முதல் 24 மணி. மலிவு டிக்கெட் என்றால் 28, 32 என்று போகும். 40 மணி நேர டிக்கெட்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை வாங்கினவரையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்றால் இது இருக்கட்டும்: எந்த ஊர் வழியாகப் போனாலும் வானத்தில் கழிகிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான், மாறுவது தரையில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும். தூரத்தை வைத்து டிக்கெட் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அதெப்படி ஒன்றாக இருக்கும்? லண்டன் போவது சுற்று வழி இல்லையா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை – லண்டன் சுமார் 8,230 கி.மீ., லண்டன் – டொராண்டோ 5,700. கூட்டினால் 13,930. நேர்க்கோட்டை விட 540 கி.மீ.தான் அதிகம், அதாவது சென்னையிலிருந்து மதுரை தாண்டிக் கொஞ்ச தூரம். பிராங்க்பர்ட் வழியாகவும் 13,940க்குப் பக்கத்தில்தான் வரும். துபாய் வழி 14,010, தோஹா வழி 14,170. இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் விமானத்துக்குப் பதினைந்து இருபது நிமிஷம்.

டெல்லிதான் இதில் வேடிக்கை. சென்னை – டெல்லி 1,760, டெல்லி – டொராண்டோ சுமார் 11,640. கூட்டினால் 13,400. நேர்க்கோட்டுக்கும் இதற்கும் பத்து கி.மீ.தான் வித்தியாசம், ஏனென்றால் டெல்லி ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஹாங்காங் வழி மட்டும் நிஜமான சுற்று. கிழக்கே போய், பசிபிக் பக்கமாக ஏறி, 16,000 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். விலை ரொம்பக் குறைவாக இருந்தாலொழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கனடா மேற்கே இருக்கிறது. டெல்லி வடக்கே இருக்கிறது. குழப்பமாக இருக்கிறதே?

சுவரில் மாட்டுகிற தட்டையான உலகப் படம் செய்த வேலை இது. அதில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அரேபியா, ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக் என்று போகும். வீட்டில் பிள்ளைகளுடைய உலக உருண்டை இருந்தால் எடுத்து, ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும், லேசாக மட்டும் மேற்கே சாயும். ராஜஸ்தான் ஓரம், பாகிஸ்தானின் வடக்கு, தஜிகிஸ்தான் – உஸ்பெகிஸ்தான் எல்லை, கஜகஸ்தான், ரஷ்யாவில் உரால் மலைப்பக்கம், நார்வேயின் உச்சி முனை, வட துருவக் கடல், கிரீன்லாந்தின் பனி வெளி, கியூபெக், அப்புறம் டொராண்டோ. உச்சத்தில் 73 பாகை வட அட்சம் வரை ஏறி இறங்கும். தாம்பரத்திலிருந்து ஸ்கார்பரோவுக்குக் குறுக்கு வழி ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளே போகிறது என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை, நூலை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன்.

மணிக்கு 900 கி.மீ. என்றால் 15 மணி நேரத்தில் போய்விடலாமே, 19 எப்படி?

900 என்பது மேலே போய்ச் சீரான பிறகு காற்றுக்குள் இருக்கும் வேகம், ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். டிக்கெட்டில் போடுகிற நேரம் அதுவல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்ந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் போய் நிற்கிற நிமிஷம் வரை எல்லாம் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்கும்போது வட்டமடிப்பது. மாறிப் போவதால் இத்தனையும் இரண்டு தடவை. அதோடு சுற்று வழி ஒரு 40 நிமிஷம்.

மீதியைக் காற்று தின்றுவிடும். நடு அட்சரேகைகளில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒரு காற்று ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசும். நாம் போவது மேற்கே. அதாவது எதிர்நீச்சல்.

அப்படியானால் திரும்பி வரும்போது சீக்கிரம் வருமா?

வரும். லண்டன் – டொராண்டோ போக எட்டு மணி நேரம், வர ஏழு. டெல்லி – டொராண்டோ போக 15, 16 மணி நேரம் என்றால் வர 14க்குப் பக்கத்தில். மொத்தத்தில் ஊருக்கு வரும் பயணம் ஒன்றரை இரண்டு மணி நேரம் குறைவு. ஊருக்கு வருகிற சந்தோஷத்தில் அது இன்னும் குறைவாகத் தெரியும்.

பூமி கிழக்கே சுற்றுகிறது. மேலே போய் நின்றால் டொராண்டோ தானாகக் கீழே வந்துவிடாதா?

என் தம்பி பையன் கேட்டது இது, பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள், வெட்கப்பட வேண்டாம். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் குதித்தால் அதே பெட்டியில்தானே விழுகிறீர்கள், அதே கதை.

நேர வித்தியாசம் எவ்வளவு?

கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. சென்னை முன்னால், டொராண்டோ பின்னால். இந்தியா கடிகாரத்தை எப்போதும் மாற்றுவதில்லை. டொராண்டோவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அந்த இரண்டு ஞாயிறும் அம்மாவுக்குப் போன் போட்டால் "என்னடா இன்னைக்கு நேரம் மாத்திக் கூப்பிடுற" என்று கேட்பார். எனக்கு ஒத்துவருவது டொராண்டோ சனி இரவு 9 மணி: கோடையில் சென்னையில் ஞாயிறு காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. காபி குடித்துக்கொண்டே பேசுவார்.

டிக்கெட்டில் காலை 5.40க்குக் கிளம்பி அதே நாள் மாலை 4.30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. பதினோரு மணி நேரம்தானா?

இல்லை. டிக்கெட்டில் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். 5.40லிருந்து 4.30 வரை 10 மணி 50 நிமிஷம், அதோடு கோடைக்கால வித்தியாசம் ஒன்பதரையைக் கூட்டுங்கள்: 20 மணி 20 நிமிஷம். அது ரொம்ப நல்ல டிக்கெட், விடாதீர்கள்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறாகப் பயமுறுத்தும். திங்கள் மாலை 6.30க்கு டொராண்டோவில் ஏறி புதன் அதிகாலை 3.45க்குச் சென்னை என்று போட்டிருப்பார்கள். பார்த்தால் 33 மணி நேரம் மாதிரி இருக்கும். குளிர்கால வித்தியாசம் பத்தரையைக் கழித்தால் 22 மணி 45 நிமிஷம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மட்டும் எங்கே போனதென்று தெரியாது. திதி, கல்யாணம், பதிவு அலுவலகம் என்று தேதி வைத்து வருகிறவர்கள் கிளம்பும் தேதியை விட்டுவிட்டு இறங்கும் தேதியைப் பாருங்கள். அதிகாலை 3.45 புதன் என்றால் கூட்டிப்போக வரும் மச்சானிடம் "செவ்வாய் ராத்திரி தூங்காதே" என்று சொல்லி வையுங்கள். புதன் என்று மட்டும் சொன்னால் அவர் புதன் ராத்திரி வந்து நிற்பார். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

எந்த வழி நல்லது?

வயதைப் பொறுத்தது என்பேன்.

அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள், முதல் தடவை, ஆங்கிலம் பழக்கமில்லை என்றால் துபாய், அபுதாபி, தோஹா மூன்றில் ஒன்று. முதல் விமானம் நாலரை ஐந்து மணி நேரம், மாறுகிற இடத்தில் தமிழோ மலையாளமோ பேசுகிற ஆள் கண்டிப்பாகக் கிடைப்பார், அதன் பிறகு ஒரே நீட்டாகப் பதினான்கு மணி நேரம். கஷ்டம் என்னவென்றால் அந்தப் பதினான்குதான். முட்டி வலி, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. லண்டனோ பிராங்க்பர்ட்டோ என்றால் பயணம் பத்துப் பதினொன்று, எட்டு ஒன்பது என்று ஓரளவு பாதியாகப் பிரியும், நடுவில் கால் நீட்டி நடக்கலாம், உடம்புக்கு அதுதான் நல்லது. ஆனால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டெர்மினல் மாற வேண்டி வந்தால் பேருந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை, பையில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடு என்பது வரைக்கும் உண்டு. இளசுகளுக்குப் பரவாயில்லை.

எந்த வழியானாலும் பெரியவர்களுக்கு வீல்சேர் உதவி கேட்டு டிக்கெட்டிலேயே போட்டுவிடுங்கள். "நான் நல்லா நடப்பேன், எனக்கெதுக்கு" என்பார்கள். நடக்க முடியாது என்பதற்காக இல்லை. கையைப் பிடித்துச் சரியான கேட்டில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான்.

டெல்லி வழிதான் நேர்க்கோடு என்றீர்களே, அதையே எடுத்துவிடலாமா?

கோடு நேர்தான், வானம் நேராக இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, மறுநாளே ரஷ்யா பதிலுக்கு மூடியது. அதனால் கனடா நிறுவன விமானம் ரஷ்யா மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடி, அதற்கப்புறம் மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே வந்தது. அதனால் இந்திய நிறுவன விமானம் டெல்லியிலிருந்து தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதாவது நம் நூல் போகிற வழியில் பாதியில் இவருக்கு அனுமதி, மீதிப் பாதியில் அவருக்கு அனுமதி, முழுவதும் போக இரண்டு பேருக்குமே வழியில்லை. பத்து கி.மீ. மட்டுமே வித்தியாசமுள்ள வழியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கூடுவது இப்படித்தான்.

இன்னொன்று, திரும்பி வரும்போது டெல்லியிலேயே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடித்து, பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, மறுபடி சென்னைக்குப் போட வேண்டும். பதினான்கு மணி நேரம் பறந்துவிட்டு 23 கிலோ பெட்டி இரண்டை நள்ளிரவில் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு மனம் தயாராக இருந்தால் சரி.

வளைகுடா வழியும் முழுக்கப் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது தோஹாவுக்குப் போன விமானங்கள் எங்கெங்கோ திருப்பிவிடப்பட்டன.

டிரான்சிட் விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சொல்கிறேன். வளைகுடா விமான நிலையங்களில் வெளியே வராமல் மாறினால் விசா தேவையில்லை. லண்டன் வழியாக, வெளியே போகாமல் மாறுவதற்குச் செல்லுபடியாகும் கனடா விசாவோ பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) அட்டையோ கையில் இருந்தால் போதும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? ஸ்டடி பெர்மிட் (கனடாவில் படிப்பதற்கான அனுமதிச் சீட்டு) வேறு, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசா வேறு. பெர்மிட் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும், விசா முடிந்து போயிருக்கும், ஊருக்கு வரும்போது லண்டன் வழி டிக்கெட் போட்டுவிட்டு செக்-இன் கவுண்டரில் விழிப்பார்கள். அமெரிக்கா வழி என்றால் மாறுவதற்குக் கூட அமெரிக்க விசா வேண்டும், பேச்சே கிடையாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் விமான நிறுவனத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டைப் போட்டு ஒரு தடவை பாருங்கள்.

நடுவில் எவ்வளவு இடைவெளி வைக்கலாம்?

இரண்டரையிலிருந்து நான்கு மணி நேரம். ஒன்றரை மணி நேர இடைவெளியை இணையதளமே விற்கும், சட்டப்படி போதும் என்றும் சொல்லும். சென்னையில் அரை மணி நேரம் தாமதமானால் நீங்கள் ஓட வேண்டும், உங்களோடு உங்கள் பெட்டி ஓடாது.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

வேண்டாம். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத ஆள், அவ்வளவுதான்.

சித்தப்பா இறந்தபோது நான் இந்தத் தப்பைச் செய்தேன். பிப்ரவரி மாதம், பதறிப்போய் அன்றைக்கே கிளம்புகிற மாதிரி கிடைத்த இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினேன். டொராண்டோவில் பனி. இறக்கையில் படிந்த பனியைக் கரைக்க மருந்து தெளிப்பார்கள், அதற்கு வரிசை, மூன்று மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். போய் இறங்குகிற நேரத்துக்கு இரண்டாவது விமானம் போயிருந்தது. கவுண்டரில் இருந்தவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை, புது டிக்கெட் விலையை மட்டும் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது காடாற்று அன்றைக்கு.

அப்படி அவசரம் என்றால் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர முடியும்?

போன் வந்த நிமிஷத்திலிருந்து வீட்டு வாசல் வரை 28லிருந்து 36 மணி நேரம். அதற்குக் குறைவாக யாராவது வந்தால் அவருக்கு அதிர்ஷ்டம். டிக்கெட் எடுக்க, பெட்டி கட்ட, பியர்சன் போக, மூன்று மணி நேரம் முன்னால் நிற்க, 21லிருந்து 24 மணி நேரப் பயணம், சென்னையில் இறங்கி வீட்டுக்கு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றால் இன்னும் பத்து மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்களிடம் தயங்காமல் இந்தக் கணக்கைச் சொல்லி, ஐஸ் பெட்டி வைக்க முடியுமா, காத்திருப்பார்களா என்று முதல் போனிலேயே பேசிவிடுங்கள். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் நாளை காலை என்று நினைத்து ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து எவ்வளவு? யாழ்ப்பாணத்தில் இருந்து?

கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – டொராண்டோ நேர்க்கோட்டில் சுமார் 14,000 கி.மீ., சென்னையை விட 600 கி.மீ. அதிகம். நேர வித்தியாசம் சென்னைக்குச் சொன்னதேதான், இலங்கையும் இந்தியாவும் ஒரே கடிகாரம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விமானத்தை விடக் கட்டுநாயக்க வரை ராத்திரி முழுக்க வேன் பிடித்துப் போவதுதான் பெரிய பயணம். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, இடையில் நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி தொடங்கியது. சின்ன விமானம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் வந்து சென்னையிலிருந்து மாறிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பெட்டி எடை வரம்பை மட்டும் முதலில் பாருங்கள்.

இங்கே என் பக்கத்து வீட்டு அண்ணை ஈழத்து ஆள். நான் பதினான்கு மணி நேரம் உட்கார முடியவில்லை என்று புலம்பினால் ஒரே வார்த்தை சொல்வார்: "கப்பல்." 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்து சேர்ந்தார்கள், தாய்லாந்துப் பக்கமிருந்து கடலில் ஏறக்குறைய மூன்று மாதம். அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதில்லை.

இறங்கிய பிறகு ஸ்கார்பரோ போக எவ்வளவு நேரம்?

பியர்சன் விமான நிலையம் உண்மையில் மிசிசாகாவில் இருக்கிறது. ஸ்கார்பரோவுக்கு 401 நெடுஞ்சாலையில் சுமார் 35, 40 கி.மீ. காலியாக இருந்தால் அரை மணி, மாலை நாலு ஐந்து மணிக்கு இறங்கினால் ஒன்றரை மணி நேரம். நகரத்துக்குள் போக வேண்டியவர்களுக்கு யூனியன் ஸ்டேஷன் வரை ரயில் உண்டு, 25 நிமிஷம். முதல் தடவை போகும் மாணவர்கள் இமிக்ரேஷனில் பெர்மிட் அச்சடித்து வாங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம், கூட்டிப்போக வருபவரைச் சீக்கிரம் வரச் சொல்லி பார்க்கிங் காசை வீணாக்காதீர்கள்.

ஊறுகாய், பொடி எடுத்துப் போகலாமா?

பருப்புப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் போகும். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், அது திரவக் கணக்கில் வரும், மாறுகிற இடத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், ஆவக்காய் பாட்டிலை அப்படிப் பறிகொடுத்த மாமி ஒருவர் துபாயில் அழுததை நேரில் பார்த்தேன். பெரிய பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் கவர் சுற்றி வையுங்கள். கனடாவில் இறங்கும்போது சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று சொல்லுங்கள். சொன்னால் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் 1,300 டாலர் வரை போகும்.

ஜெட் லேக் எத்தனை நாள்?

போகும்போது நாலைந்து நாள். ராத்திரி எட்டுக்குக் கண் சொக்கும், அதிகாலை மூன்றுக்குக் கொட்டக் கொட்ட விழிப்பீர்கள். வரும்போது ஒரு வாரத்துக்கும் மேல், ஏனென்றால் கிழக்கே வருவது உடம்புக்கு எப்போதும் கஷ்டம். மூன்று வார லீவில் வருகிறவர்கள் முதல் வாரம் பகலில் தூங்கிக்கொண்டே இருந்தால் "வெளிநாட்டுக்குப் போனதும் கொழுப்பு" என்று பெரியம்மா சொல்வார். விளக்கிப் பயனில்லை.

ஜன்னல் சீட்டா, நடைபாதை சீட்டா?

பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு நடைபாதைதான், எழுந்து நடக்க, பாத்ரூம் போக. எல்லோருக்கும் அதையே சொல்வேன், எனக்கு மட்டும் ஜன்னல். துபாயிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்புகிற விமானத்தைச் சூரியன் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே வரும், காலை நேரம் மணிக்கணக்கில் நீண்டுகொண்டே இருக்கும். நேர்க்கோட்டில் போனால் ஒன்பதாவது மணி நேரத்துக்கு மேல் கிரீன்லாந்தின் தெற்கு முனை வரும். வலது பக்கம் உட்காருங்கள். மேகம் இல்லையென்றால் கறுத்த மலையும் நடுவே வெள்ளையாக இறங்கும் பனி ஆறும் கடலில் மிதக்கும் கட்டிகளும் தெரியும், பத்து நிமிஷம், அதிகம் போனால் இருபது. அந்த நேரத்தில் விமானத்தில் எல்லோரும் தூங்குவார்கள், ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பார்கள். ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.